திரை இறங்கியிருந்தால் தட்டக்கூடாது

அன்று காலை நான் மூன்று தடவை காபி போட்டேன். முதல் தடவை எனக்கும் ஓரினுக்கும். இரண்டாவது தடவை, முதல் காபியில் எங்கள் தலைவலி போகவில்லை என்பதால். மூன்றாவது தடவை எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பின்னால் எட்டடி தூரத்தில் கட்டிலில் என் புருஷன் ஓரின் செத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஆர்டிஸ். மினசோட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் நானூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டவள். ஓரின் அதே ஊரில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, அங்கே பனி கொட்ட ஆரம்பித்ததும், சக்கரம் வைத்த சின்ன வீடான எங்கள் டிரெய்லரை பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு இறங்கிவிடுவோம். இது ஒன்பதாவது குளிர்காலம்.

காசு கட்டித் தங்குகிற முகாம்களில் கரண்டு, தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் டிரெய்லருக்கே வந்து மாட்டிக்கொள்ளும். எனக்கு அது ஒத்துவராது. பக்கத்து டிரெய்லர்க்காரன் இருமினால் நம் மேஜை ஆடும். நாங்கள் தங்குவது அரசாங்கத்தின் வெட்டவெளி. கூரைமேல் இரண்டு சூரியத் தகடு, கட்டிலுக்கடியில் இரண்டு பேட்டரி, தொட்டியில் நாற்பது காலன் தண்ணீர், முன்பக்கம் இரண்டு கேஸ் சிலிண்டர். அவ்வளவுதான். இதற்குள் பிழைக்கத் தெரிந்தவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் வண்டியைக் கட்டலாம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தோற்பது காபியில்தான். வீட்டில் இருந்த மின்சார மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விடிந்ததும் சுவிட்சைத் தட்டுவார்கள். ஒரு கோப்பை காபிக்குள் பேட்டரி மல்லாந்துவிடும், விளக்கு மங்கிவிடும், பிறகு பொடிக்காபியைக் கரைத்துக் குடித்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அப்படியில்லை. மேஜை விளிம்பில் திருகி மாட்டிய கை மெஷினில் கொட்டை அரைப்பேன். தொட்டித் தண்ணீரில் ரப்பர் வாடை அடிக்கும் என்பதால் காபிக்கு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து கேனில் பிடித்துவந்த தண்ணீர். கொதிநீர் மேலேறித் தூள்மேல் வழிகிற பெர்கொலேட்டர் பானையின் கூடையில் ஆறு கரண்டி தூள், பானைக்கென்று ஏழாவதாக ஒரு கரண்டி, கசப்பு முறிய ஒரு சிட்டிகை நொறுக்கிய முட்டை ஓடு. அடுப்பில் வைத்து, மூடியின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் குமிழில் முதல் கொதி குதித்ததும் தீயைக் குறைத்து ஏழு நிமிஷம். ஒரு நிமிஷம் கூடினால் கருகல். முடிந்ததும் பானையைக் கழுவுவது கிடையாது, காகிதத்தால் துடைத்து வைப்பதோடு சரி. இந்த வட்டாரத்தில் என் காபிக்கு இணை கிடையாது. நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தக் காபிக்காக ஆட்கள் வருவார்கள். வருவதற்கு ஒரு முறை உண்டு. டிரெய்லர்க்காரர்கள் நடுவே வேலி, வாசல், மதில் எதுவும் இல்லை. இருப்பது ஜன்னல் திரை ஒன்றுதான். திரை ஏறியிருந்தால் வரலாம். இறங்கியிருந்தால் தட்டக்கூடாது. எழுதி ஒட்டாத சட்டம், எல்லோருக்கும் தெரியும். ரோவீனாவுக்குத் தெரியவில்லை.

ரோவீனா அந்த வருஷம் முதல்முறையாக வந்தவள். ஐம்பது வயது இருக்கும். ஆரிகனில் தபால் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய வேனுக்குள் கட்டில் போட்டுக்கொண்டு தனியாக வந்து, எங்களிடமிருந்து நூறு தப்படியில் நின்றுகொண்டாள். வாயாடி. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, திரை இறங்கியிருக்கும்போதே கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். நான் தலைகூட வாரவில்லை. கதவைத் திறந்து அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"ரோவீனா, உனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"தெரியுதே. ஏன் கேக்குறீங்க?"

"அப்ப அந்த ஜன்னல்ல திரை இறங்கியிருக்கிறது தெரியலையா? திரை இறங்கியிருந்தா நாங்க தூங்குறோம், இல்ல சண்டை போடுறோம், இல்ல துணியில்லாம நிக்கிறோம். எதுவா இருந்தாலும் உனக்கு அங்க வேலை இல்ல."

"காபி வாசம் வந்துச்சு, அதான்…"

"வாசம் வந்தா மோந்துட்டுப் போ. திரை ஏறினா வா. உள்ள என்ன நடந்தாலும் சரி, திரை இறங்கியிருந்தா என் கதவைத் தொடாதே."

அவள் முகம் சுண்டிப்போனது. வெறும் கோப்பையோடு திரும்பிப் போனாள். கட்டிலில் இருந்து ஓரின் மெதுவாகச் சொன்னான்.

"பாவம், ஆர்டி. ஒரு வாய் காபிக்கு வந்தவ."

"நீ சும்மா இரு. உனக்கு ஊர்ல இருக்கிற எல்லாரும் பாவம்."

அவன் சும்மா இருந்தான். மறுநாள் முதல் ரோவீனா திரை ஏறிய பிறகுதான் வந்தாள், அதுவும் இரண்டு தடவை செருமிவிட்டு. பார்த்தாயா, சொன்னால் புரிந்துகொள்கிறார்கள் என்று ஓரினிடம் பெருமையடித்தேன்.

அடுத்த வாரம் காற்று பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஓயவில்லை. புழுதி எழும்பி மலையே தெரியவில்லை. கூரைமேல் இருந்த தகடுகளில் விரல்கனம் மண். அதற்கு மேல் மேகம் வேறு. பேட்டரி ஏறவே இல்லை. ஜெனரேட்டர் கிறிஸ்துமஸ் சமயத்திலேயே படுத்துவிட்டது, ஓரின் அதைப் பிரித்துப் பாதியில் வைத்திருந்தான். டிரெய்லரில் ஹீட்டர் உண்டு, கேஸில்தான் எரியும், ஆனால் அதன் காற்றாடி பேட்டரியைக் குடித்துவிடும். ஆகவே ஹீட்டரை அணைத்தாயிற்று. வெளியே நடுங்குகிற குளிர்.

வெட்டவெளியில் தங்குகிறவர்களுக்கு இதற்கொரு வழி தெரியும். பூச்செடி வைக்கிற மண்தொட்டியை அடுப்பின்மேல் கவிழ்த்துத் தீயைச் சிறிதாக வைத்தால் தொட்டி பழுக்கக் காய்ந்து அறை முழுக்கச் சூடு கொடுக்கும். நிறையப் பேர் செய்கிறார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் திறந்தால் புழுதி. நான் ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டைத் திணித்தேன். கூரைத் துவாரத்தை டேப் போட்டு ஒட்டினேன். ஒரு தூசி உள்ளே வரவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மண்தொட்டியைக் காயவைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஓரின் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தான்.

"தீ நீலமா இல்லாம மஞ்சளா எரியுதே, ஆர்டி."

"புழுதி அடைச்சிருக்கும். மஞ்சளா எரிஞ்சா என்ன, பச்சையா எரிஞ்சா என்ன? சூடு வருதா இல்லையா?"

"வருது."

"அப்ப சீட்டைப் போடு."

படுக்கும் முன் அடுப்பை அணைத்தேன். எங்கள் இருவருக்கும் மண்டை விண் விண் என்று தெறித்தது. தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பதற்காக அன்று ஆளுக்கு ஒரு கோப்பை காபிதான் குடித்திருந்தோம். தினம் ஆறு குடிக்கிற எங்களுக்கு அது போதுமா? காபி இல்லாத தலைவலி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அது எனக்கு நன்றாகப் பழகிய தலைவலி. அதனால் வேறு எதையும் யோசிக்கவில்லை.

காலை ஐந்தரைக்கு எழுந்தபோது மூச்சு புகையாக வந்தது. காற்று இன்னும் டிரெய்லரை உலுக்கிக்கொண்டிருந்தது. ஒரு அடுப்பில் மண்தொட்டியைக் கவிழ்த்தேன், இன்னொன்றில் காபிப் பானையை வைத்தேன். காபி இறங்கிய பிறகும் தொட்டியை எடுக்கவில்லை. ஓரினுக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். அவன் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"தலை இன்னும் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"நேத்தைவிட மோசம்."

"படு. இன்னொரு பானை போடுறேன். நல்லா ஸ்ட்ராங்கா."

அப்போதுதான் கட்டில் காலுக்குப் பக்கத்தில் இருந்த விஷவாயு அலாரம் கத்த ஆரம்பித்தது. அந்த அலாரம் எங்கள் உயிரை வாங்குகிற சனியன். அது ஓடுவதும் அதே பேட்டரியில்தான். பேட்டரி இறங்கினால் நிமிஷத்துக்கொரு தரம் கீச் என்று கத்தும். மூன்று நாளாகக் கத்திக்கொண்டேதான் இருந்தது. இங்கே பாதிப்பேர் குளிர்காலம் முழுக்க அதைக் கழற்றித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று காலை அது விடாமல் கத்தியது. தெறிக்கிற மண்டைக்குள் ஊசியை ஏற்றுவதுபோல் இருந்தது. நான் மண்டியிட்டு அதைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

"ஆர்டி, அது…" என்று ஓரின் ஆரம்பித்தான்.

"பேட்டரி செத்துப்போச்சுன்னு கத்துது. எனக்குக் காது கேக்குது, ஓரின். நீ எந்திரிச்சு வந்து கழட்டுறியா? இல்லல்ல? அப்ப படு."

வயரை உருவி எடுத்து, அலாரத்தைக் கரண்டி டிராயருக்குள் போட்டு மூடினேன். சத்தம் நின்றது. ஓரின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இரண்டாவது பானை இறங்கிய நேரம், எனக்குக் கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவனை எழுப்பினேன். எழுந்து ஒரு வாய் குடித்தான், அப்படியே போர்வைமேல் வாந்தி எடுத்தான். தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கேனை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. போர்வையைத் துடைத்தேனா என்று நினைவில்லை. திரும்பி வந்து மறுபடி கொட்டையை அரைக்க ஆரம்பித்தேன்.

அரைத்து முடித்துத் தூளை அள்ளிப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு என்ன வரும் என்று தெரியவில்லை. கூடையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் அங்கேயே நின்றுவிட்டது. நானூறு பிள்ளைகளுக்கு உப்பு, காரம் அளந்து போட்டவள் நான். ஏழு வரைக்கும் எண்ண வரவில்லை.

அப்போதுதான் பயம் வந்தது. ஆனால் அந்தப் பயமும் தப்பான பயம். எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் அப்பா அப்படித்தான் போனார், சாப்பாட்டு மேஜையில், பேச்சு குழறி. கண்ணாடியில் வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு ஆர்டிஸ் தெரிந்தார்கள். ஓரினுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவான், முதலில் காபியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். எண்ணாமலேயே ஒரு கை தூளை அள்ளிப்போட்டுப் பானையை அடுப்பில் ஏற்றினேன்.

"ஓரின்," என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாய் பிளந்து படுத்திருந்தான். கன்னமெல்லாம் சிவந்திருந்தது, வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தை மாதிரி. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

"ஓரின், எந்திரி. டேய் கிழவா, எந்திரிடா."

கண்ணிமை அசையவில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் பக்கவாதம் வராது என்பது அந்த மங்கிய புத்திக்குக்கூட எட்டியது. அறையில்தான் ஏதோ இருக்கிறது. டிராயருக்குள் போட்ட அலாரம் ஞாபகம் வந்தது. அது பேட்டரிக்காகக் கத்தவில்லை, அடைத்த அறையில் அடுப்பு கக்கிய வாசமில்லாத விஷவாயுவுக்காகக் கத்தியிருக்கிறது. திரும்பி அடுப்பைப் பார்த்தேன். மண்தொட்டிக்கு அடியில் தீ மஞ்சளாக நெளிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு எட்டு வைத்தால் போதும். இரண்டாவது எட்டிலேயே முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் ஓரினின் மூச்சு கேட்டது. கர் என்று ஒரு இழுப்பு, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு இழுப்பு. அடுத்த இழுப்பு வருமா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல எதையும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் வேண்டாம்.

மேலே பானை கொதித்து வழிந்து கருகத் தொடங்கியது.

அப்போது வெளியே சரளைக்கல் நெறுநெறுத்தது. ரோவீனா. அவள் நடை எனக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். காலடிச் சத்தம் எங்கள் கதவுக்கு நேராக வந்து நின்றது. ஒரு செருமல் கேட்டது. தட்டு, என்று மனசுக்குள் சொன்னேன். தட்டு, தட்டுடி பாவி. சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவள் அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு சரளை மறுபடி நெறுநெறுத்தது, தூரமாக, இன்னும் தூரமாக. வேன் கதவு மூடிக்கொண்டது.

அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் சட்டப்படிதான் நடந்துகொண்டாள். திரை இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. கன்னம் தரைவிரிப்பில் பட்டிருந்தது. மறுபடி சரளைச் சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை வந்துவிட்டாள். இப்போது போனால் இனி வரமாட்டாள் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது. ஓரினின் மூச்சு கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன், காற்றின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது நான் செய்த காரியத்தைக் கேட்டு ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள். நான் விழுந்து கிடந்த இடத்திலிருந்து கதவு கையெட்டும் தூரம். கைப்பிடி என் தலைக்கு மேலே ஒரு முழம். அதை இழுத்திருந்தால் திறந்திருக்கும். நான் அதைத் தொடவில்லை. கதவை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் மேஜைக்கு அந்தாண்டை இருந்த ஜன்னலை நோக்கித் தவழ்ந்தேன், ஏழடி தூரம். ஏனென்றால் யாரையாவது உள்ளே கூப்பிட வேண்டுமென்றால் திரையைத் தூக்க வேண்டும். ஒன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வழி அதுதான். புத்தி முழுக்கப் போன பிறகும் அது மட்டும் போகவில்லை.

இருக்கையில் தாடையை ஊன்றி ஏறினேன். திரைக்கயிறு கைக்கு அகப்படவே இல்லை. அகப்பட்டதும் உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டேன். திரை சடாரென்று மேலே சுருண்டது. வெளிச்சம் கண்ணில் அறைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவள் கதவுப்பக்கம் அல்லவா நிற்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கையில் கயிற்றோடு அப்படியே சரிந்தேன்.

திரை சுருண்ட சத்தம் காற்றையும் மீறி அவளுக்குக் கேட்டிருக்கிறது. டிரெய்லரைச் சுற்றி ஓடிவந்து ஜன்னலில் மூஞ்சியை வைத்துப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் தட்டவில்லை. கதவை இழுத்துப் பெயர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், தாழ்ப்பாள் வளைந்து கிடந்தது. என்னைக் கக்கத்தில் பிடித்து இழுத்துச் சரளையில் போட்டாள். என் நாக்கிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது, "ஓரின்." மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். அவன் நூறு கிலோ இருப்பான். போர்வையோடு சேர்த்துத் தரையில் இழுத்துவந்து, படி வழியே சரளையில் உருட்டிவிட்டாள். அடுப்பை அணைத்தாள். போனில் கத்தினாள். ஓரினின் மார்பில் காதை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூச்சு இருக்கு. கொஞ்சமா இருக்கு. என்னைப் பாருங்க, தூங்காதீங்க. என்னைத் திட்டுங்க. எதையாவது சொல்லித் திட்டுங்க."

எனக்குத் திட்ட வரவில்லை.

தீயணைப்பு வண்டி வர அரைமணி நேரம் ஆனது. ஓரினை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள், என்னை ஆம்புலன்ஸில். எனக்கு அன்று சாயங்காலமே தெளிந்துவிட்டது. அவனுக்குத் தெளியவில்லை. பிராணவாயுவை அழுத்தி நிரப்பிய ஒரு பெரிய உருளைக்குள் வைத்து வைத்து எடுத்தார்கள். பிழைப்பான், ஆனால் எழுந்தால் யார், என்ன என்று தெரிந்து எழுவானா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னும் சீக்கிரம் வெளியே எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒவ்வொரு நிமிஷமும் கணக்குத்தான் என்றார். நான் தலையாட்டினேன். அப்புறம் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் கையை ஊன்றி நின்றேன். அவன் என்னை யாரென்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்பது மட்டுமே மனசில் ஓடியது.

மறுநாள் ரோவீனா வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினில் பிடித்த காகிதக் கோப்பைக் காபி ஒன்றை என் கையில் கொடுத்தாள். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. குடித்தேன்.

"நீ மொதத் தடவை வந்தப்ப எனக்குக் காது கேட்டுச்சு," என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் நின்னே?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். கருகல் வாடை வந்துச்சு. நீங்க காபியைக் கருக விடமாட்டீங்களே, என்னமோ சரியில்லைன்னு அப்பவே தோணுச்சு. கையைக்கூடத் தூக்கிட்டேன், தட்டுறதுக்கு."

"தூக்கின கை தட்ட வேண்டியதுதானே?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? காத்துக்கா?"

"காத்துக்கு எதுக்குப் பயப்படுறேன். உங்களுக்குத்தான். வேனுக்குத் திரும்பிப் போயி இருபது நிமிஷம் உக்காந்திருந்தேன். தட்டலாமா வேணாமான்னு. அந்த இருபது நிமிஷம்…" ஐம்பது வயதுப் பொம்பளை, மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு அழுதாள்.

நான் அவள் முதுகில் கையை வைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்ன நிமிஷக் கணக்குத்தான் தலைக்குள் சுற்றியது. அந்த இருபது நிமிஷத்தை யார் தலையில் கட்டுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன், என் தலை ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஓரின் கண்ணைத் திறந்தான். நர்ஸ் அவன் பெயரைக் கேட்டாள், சொன்னான். இது எந்த மாநிலம் என்று கேட்டாள், யோசித்துச் சொன்னான். என்னைக் காட்டி இது யார் என்று கேட்டாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்டி," என்றான்.

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அலாரத்தைப் பிடுங்கியது நான், இடுக்கையெல்லாம் அடைத்தது நான், பேட்டரிதான் காரணமென்று சாதித்தது நான், எனக்குத் தெரியாமல் போச்சே ஓரின், உனக்கும்தான் எப்படித் தெரியும் என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுது," என்றான்.

"என்னது?"

"பேட்டரி இறங்கினா ஒண்ணொண்ணா கத்தும். வாயு வந்தா நாலு நாலா கத்தும். நான் படுத்துக்கிட்டே எண்ணினேன். நாலு நாலாத்தான் கத்துச்சு."

"எண்ணினியா? எண்ணிட்டு ஏன்டா சொல்லல?" என் குரல் ஏறிவிட்டது. அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன? செத்துப் போயிருப்பியேடா."

நான் கத்தக் கத்த ஓரின் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டான். மெதுவாக, எனக்குத் தெரியாமல் செய்கிற மாதிரி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று காலை திரும்பிப் படுத்தது போலவே. தூக்கம் வந்து திரும்பியதாகத்தான் அன்று நினைத்தேன். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷமாக, அவன் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

நான் வாயை மூடினேன். எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவருக்கும் அவனுக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்தேன். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. விஷவாயுவுக்கான பயம் இல்லை அது, ரோவீனா சொன்ன அதே பயம். அவனிடம் மறுபடி அதே கேள்வியைச் சத்தமில்லாமல் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். குரலைத் தணித்து எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவனாகப் பேசட்டும் என்று நின்றேன். கால் மணி நேரம் ஆயிருக்கும். அவன் இன்னும் ஆரம்பிக்கவில்லை.